முறைத் தண்ணீர்

சீடருக்குக் குருவைவிட வயது அதிகம். இதில் அவர்கள் இருவருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் இருந்தது.

குருவின் பெயர் தில்ஷாத். கோவை காந்திபுரத்தில், பேரிங் விற்கும் கடை ஒன்றின் மேல் மாடியில் அவருடைய பட்டறை. விசிறி வைத்து ஆற்ற முடியாத அளவுக்குச் சூடாகிற கம்ப்யூட்டர்களை அவரிடம் கொண்டுவருவார்கள். சூடாகிற பாகத்தின் மேல் செம்புக் கட்டி ஒன்றைப் பொருத்தி, அதற்குள் தண்ணீரை ஓடவிட்டு, அந்தச் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோய்க் காற்றில் விடுவது அவர் தொழில். கார் இன்ஜினில் நடக்கிற அதே காரியம்தான்.

தண்ணீரையும் கரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைப்பதா என்று சிலர் பயப்படுவார்கள்.

"உங்க வீட்ல வாஷிங் மெஷின் இருக்குங்களா?" என்று மட்டும் கேட்பார்.

அதற்குப் பிறகு பேச்சு இருக்காது. முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர். கேள்வியை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

சீடரின் பெயர் நாச்சிமுத்து. நெகமம் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர். தோப்புகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் போடுவதில் கெட்டிக்காரர் என்று அக்கம்பக்கத்தில் பெயர் வாங்கியவர். ஏதோ ஒரு கண்காட்சியில், கண்ணாடிப் பெட்டிக்குள் தண்ணீர் ஓடுகிற கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்.

"இதுக்கு போர் எத்தனை அடிங்க?" என்று கேட்டார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தக் கம்ப்யூட்டரை வைத்திருந்த தில்ஷாத் சிரிக்கவில்லை.

"போர் இல்லீங்ணா. ஊத்துன தண்ணியே சுத்திச் சுத்தி வரும்."

"தீந்து போகாதுங்களா?"

"மூடி வெச்சிருக்கறவரைக்கும் தீராது."

நாச்சிமுத்து அதை நம்ப முடியாமல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். மறுநாள் காலை பட்டறையின் படியேறி வந்து, கற்றுக்கொள்ள வந்திருப்பதாகச் சொன்னார். தோப்பை விட்டுவிட்டு டவுனில் ரூம் எடுத்துத் தங்க வேண்டிய அவசியம் என்ன என்று தில்ஷாத் கேட்கவில்லை. கேட்காமல் விட்டால் தானாக வரும் என்பது அவருடைய அனுபவம்.

தில்ஷாத் அவரை அண்ணா என்றார். அவர் தில்ஷாத்தை மேடம் என்றார். அப்படியே நிலைத்துவிட்டது.

முதல் நாளே ஒரு தப்பு நடந்தது. உள்ளங்கையில் அடங்குகிற பம்ப் ஒன்றை எடுத்து, நாச்சிமுத்து வயரைச் செருகப் போனார். தோட்டத்தில் புது மோட்டார் வந்தால், தண்ணீர் ஏற்றுவதற்கு முன் ஒரு நொடி ஓடவிட்டு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்ப்பது எல்லோரும் செய்கிற வேலை. கை தானாகப் போய்விட்டது.

தில்ஷாத் வயரைப் பிடுங்கினார்.

"இதோட பேரிங்குக்குத் தண்ணிதாங்ணா எண்ணெய். காய விட்டா செத்துப் போகும்."

"இத்தனூண்டுக்கு இவ்வளவு ரோசங்களா மேடம்?"

"பெரிய மோட்டாருக்கும் அப்படித்தான். அது சொல்றதுக்குக் கொஞ்ச நாளாகும்."

நாச்சிமுத்து அதை மனதில் வைத்துக்கொண்டார். சொன்னதைப் பிடித்துக்கொள்கிற சீடர்தான் அவர். பிடித்ததை விடாதவரும்கூட. அங்கேதான் வில்லங்கம்.

கொஞ்ச மாதங்கள் போயின. குழாயை மடங்காமல் வளைக்கக் கற்றார். இணைப்புகளுக்கு அடியில் டிஷ்யூ தாளை வைத்து, கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓட்டி, கசிவு பார்க்கக் கற்றார். பெட்டியைக் குழந்தையைப் போல இப்படியும் அப்படியும் சாய்த்துக் குழாயில் சிக்கிய காற்றுக் குமிழிகளை வெளியேற்றக் கற்றார். இதிலெல்லாம் அவருக்கு இணை இல்லை என்று தில்ஷாத்தே ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னார்.

அப்போதுதான் மிருணாளினியின் கம்ப்யூட்டர் வந்தது. பீளமேட்டுப் பெண். எலும்பும் நரம்பும் இரத்தமும் எப்படி வேலை செய்கின்றன என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டும் அசையும் படங்களைச் செய்கிறவர். இதயம் பற்றிய படம் பாதியில் இருக்கும்போது கம்ப்யூட்டர் சூடாகி அணைந்துவிடுகிறது என்றார். ஸ்கூல் திறப்பதற்குள் படத்தை முடித்துக் கொடுத்தாக வேண்டும் என்றார்.

தில்ஷாத் அதை நாச்சிமுத்துவின் மேஜைமேல் வைத்தார்.

"இது உங்களோடதுங்ணா. திட்டமும் நீங்களே போடுங்க. நான் தொட மாட்டேன்."

நாச்சிமுத்து தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் வரைந்தார். சூடாகிற பாகங்கள் இரண்டு. ஒன்று பிராசஸர், மற்றது கிராபிக்ஸ் கார்டு. தண்ணீர்த் தொட்டி பம்புக்கு மேலே இருந்தது. அடியில், தண்ணீரை வடித்துவிட ஒரு திருகு இருந்தது. ரேடியேட்டருக்குக் காற்று வரும் வழி, போகும் வழி எல்லாம் இருந்தன. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"நல்லாருக்கு. பைப்பை வெட்டுங்க" என்றார் தில்ஷாத்.

நாச்சிமுத்து வெட்டவில்லை.

"ஒரு சந்தேகமுங்க மேடம்."

"சொல்லுங்ணா."

"ஆறி வர்ற பச்சத்தண்ணி மொதல்ல யாருக்குப் போகோணும்? பிராசஸருக்குங்களா, கார்டுக்குங்களா?"

"எப்படி விட்டாலும் சரி."

நாச்சிமுத்து அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. தன்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தார். நேரான பதிலை நம்பாமல் இருப்பது சீடர்களுக்கு உள்ள வியாதி.

மறுநாள் இரண்டாவது திட்டத்தோடு வந்தார். அதில் முதல் தண்ணீர் பிராசஸருக்கு.

"மூத்தது அதுதானுங்களே. எல்லாத்துக்கும் உத்தரவு போடறது."

"சரி. வெட்டுங்க."

வெட்டவில்லை. அடுத்த நாள் முதல் தண்ணீர் கார்டுக்குப் போயிருந்தது.

"சூடு அதிகம் இதுக்குத்தானுங்க. உழைக்கறவனுக்குத்தானுங்க தாகம்."

"சரி, வெட்டுங்க."

அதற்கடுத்த நாள் வந்த திட்டத்தைத் தில்ஷாத் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பம்பிலிருந்து கிளம்பிய குழாய் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு கிளையிலும் ஒரு கேட்வால்வு. தோப்பில் கிழக்குப் பாத்திக்கும் மேற்குப் பாத்திக்கும் வைப்பது போல.

"இது எதுக்குங்ணா?"

"முறை வெச்சு விட்டுக்கலாமுங்க. கொஞ்ச நேரம் இதுக்கு, கொஞ்ச நேரம் அதுக்கு. சண்டையே இருக்காதுங்க."

"யாரு திருப்புவாங்க?"

"அந்தப் பொண்ணுதானுங்க."

"அவங்க படம் போடுவாங்களா, மடை திருப்புவாங்களா?"

நாச்சிமுத்து தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மிருணாளினி போன் செய்தார். எல்லாம் தயார், ஒரே ஒரு முடிவுதான் பாக்கி என்று நாச்சிமுத்து சொன்னார். போன வாரமும் இதையேதான் சொன்னீர்கள் என்றார் மிருணாளினி. அதுவும் உண்மைதான். கம்ப்யூட்டர் மேஜைமேல் வாயைத் திறந்தபடி கிடந்தது. செம்புக் கட்டிகளில் ஒரு சொட்டு ஈரம் படவில்லை.

நாச்சிமுத்துவின் போனுக்குத் தினமும் ஒரு வீடியோ வரும். பார்த்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். ஒருமுறை அது கவிழ்வதற்குள் தில்ஷாத்தின் கண்ணில் பட்டது. மட்டைகள் தொங்கிப்போன தென்னை மரங்கள். அவர் எதுவும் கேட்கவில்லை.

ஆனால் சாவியைப் பற்றிக் கேட்டார்.

நாச்சிமுத்து குனிந்து பெட்டிக்குள் எதையோ அளந்துகொண்டிருந்தபோது, இடுப்பிலிருந்து ஏதோ ஒன்று கண்ணாடியில் மோதி 'டிங்' என்றது. அரைஞாண் கயிற்றில் கோத்த சாவி.

"கண்ணாடியில கீறல் விழுகுதுங்ணா. என்ன சாவி அது?"

"மோட்டார் ரூமுங்க."

"யாரோட மோட்டார் ரூம்?"

"எங்குளுதுதானுங்க. எனக்கும் எங்கண்ணனுக்கும் பொதுக் கிணறு."

"சாவி உங்ககிட்ட இருந்தா, அண்ணன் எப்படித் தண்ணி எடுத்து விடுவாரு?"

"விட முடியாதுங்க."

"அப்ப நீங்க விடறீங்களா?"

"நானும் விட முடியாதுங்க. மேல இன்னொரு பூட்டு இருக்குது. அதுக்குச் சாவி அவருகிட்ட."

தில்ஷாத் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அப்பா இருந்தவரை அவரே மோட்டார் போட்டார், அவரே மடை திருப்பினார் என்றார் நாச்சிமுத்து. நிலத்தைப் பிரித்துக் கொடுத்தவர், முறையைப் பிரித்துக் கொடுக்காமல் போய்விட்டார். வெயில் காலத்தில் கிணறு இறங்கிவிடும். முதல் முறைக்காரனுக்குப் பாய்கிற தண்ணீர் அடுத்தவனுக்குப் பாயாது. மூத்தவன் நான், முதல் முறை எனக்கு என்றார் அண்ணன் ரங்கசாமி. கிணறு இருப்பது என் பாகத்தில், முதல் முறை எனக்கு என்றார் தம்பி. பேச்சு தடித்தது. கோபத்தில் தம்பி மோட்டார் ரூமைப் பூட்டினார். மறுநாள் போய்ப் பார்த்தால், அதே நாதாங்கியில் இன்னொரு பூட்டும் தொங்கியது.

"எப்ப நடந்துச்சு?"

"போன கோடைங்க."

"அப்ப இருந்து பேச்சு இல்லையா?"

"அண்ணன் மக தாரணி மட்டும் வீடியோ அனுப்புமுங்க. போன்ல பேச மாட்டா. அனுப்புவா."

"மரமெல்லாம் எப்படி இருக்கு?"

நாச்சிமுத்து கையிலிருந்த அளவு டேப்பைச் சுருட்டினார், மறுபடி இழுத்தார், மறுபடி சுருட்டினார்.

"பிஞ்சுக் குரும்பை உதிருதுங்க மேடம். எனக்கும் உதிருது, அவருக்கும் உதிருது. எங்கப்பன் வெச்ச மரமுங்க. இந்த வெயிலைத் தாண்டாதுங்க."

டேப்பை மேஜைமேல் வைத்துவிட்டார்.

தில்ஷாத் எழுந்து ஸ்டூலைச் சுவரோரம் தள்ளினார்.

"இன்னிக்கு வேலை போதும். நாளன்னிக்கு மத்தியானம் வாங்க."

"பிளான் முடியலீங்களே."

"மத்தியானம் வாங்க."

அவர் சொன்ன நேரத்துக்கு நாச்சிமுத்து வந்தபோது கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தொட மாட்டேன் என்ற சொல்லைக் குரு காற்றில் விட்டிருந்தார். தெளிந்த குழாய்களில் தெளிந்த தண்ணீர். ஒரு குமிழி இல்லை. இணைப்புகளுக்கு அடியில் டிஷ்யூ தாள்கள் உலர்ந்து கிடந்தன. பம்பையும் தொட்டியையும் மட்டும் ஒரு துண்டு போட்டு மூடியிருந்தார். துண்டுக்குள்ளிருந்து வந்த குழாய் பிராசஸருக்குப் போய், அங்கிருந்து கார்டுக்குப் போய், அங்கிருந்து ரேடியேட்டருக்குப் போய், மறுபடி துண்டுக்குள் நுழைந்தது.

திரையில் மிருணாளினியின் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. அணையவில்லை.

"தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுங்ணா?" என்றார் தில்ஷாத்.

இந்தப் பக்கம் ஓடினால் முதல் தண்ணீர் பிராசஸருக்கு. அந்தப் பக்கம் ஓடினால் கார்டுக்கு. நாச்சிமுத்துவுக்கு அது உடனே புரிந்தது. குழாயை உற்றுப் பார்த்தார். குமிழி இல்லாத தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. காதை வைத்துக் கேட்டார். மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று தோப்புக்கு வெளியிலிருந்தே சொல்லிவிடுகிற காது அது. உஸ் என்ற ஒரே சத்தம்தான் கேட்டது. கடைசியில் ஒவ்வொரு குழாயாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் ஒரே வெதுவெதுப்பு.

"சொல்லத் தெரியலீங்க."

தில்ஷாத் பக்கத்துத் திரையைக் காட்டினார். சூட்டைக் காட்டும் கோடுகள் அதில் இருந்தன. நேற்று ஒரு பக்கமாக ஓடவிட்டதாகவும், இன்று காலை குழாயை மாற்றிப் பூட்டி மறுபக்கமாக ஓடவிட்டதாகவும் சொன்னார். நேற்றைய கோடும் இன்றைய கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருந்தன. பிராசஸருக்கும் அப்படித்தான். கார்டுக்கும் அப்படித்தான்.

"தண்ணி சீக்கிரமாச் சுத்தறதால எல்லாம் கலந்து ஏறக்குறைய ஒரே சூட்டுக்கு வந்துருதுங்ணா. முன்னால போனாலும் பின்னால போனாலும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தாப் பெருசு."

"இப்ப எந்தப் பக்கமுங்க ஓடுது?"

"எனக்கே குழம்பிப்போச்சு. துண்டை எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

நாச்சிமுத்து துண்டை எடுக்கவில்லை. நெடுநேரம் அந்தக் குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார். முகத்தில் ஒரு பிடிவாதம் வந்திருந்தது.

"நீங்க எதுக்கு இதைக் காட்டறீங்கன்னு எனக்குத் தெரியுதுங்க மேடம். ஆனா கெணத்துத் தண்ணி இப்படி இல்லீங்க. இது சுத்திச் சுத்தி வருது. அது போனாப் போனதுதான். இங்க மொதல்னு ஒண்ணு இல்ல, ஒத்துக்கறேன். அங்க இருக்குதுங்க."

தில்ஷாத் யோசித்தார். மழுப்பவில்லை.

"ஆமாங்ணா. நீங்க சொல்றது சரி. ரெண்டும் ஒண்ணு இல்ல."

குருவை மடக்கிய சீடருக்குச் சந்தோஷம் வர வேண்டும். நாச்சிமுத்துவுக்கு வரவில்லை. ஏதோ ஒரு பிடி நழுவியது போல நின்றார்.

கீழே பேரிங் கடையில் யாரோ இரும்புப் பெட்டியை இழுத்தார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை தில்ஷாத் காத்திருந்தார்.

"இப்பக் கெணத்துல தண்ணி எவ்வளவு இருக்குதுங்ணா?"

"மேல்படிய மூடி நிக்குதுங்க."

"இந்த வெயில்லயா?"

"ஒரு வருசமா யாரும் எடுக்கலீங்களே."

"உங்க தோப்புக்கு?"

"லாரித் தண்ணிங்க. பத்தாது."

"அண்ணன் தோப்புக்கு?"

"அவருக்கும் லாரிதானுங்க."

"அப்ப அந்தக் கெணத்துத் தண்ணிய யாருதான் அனுபவிக்கறாங்க?"

நாச்சிமுத்து பைக்குள்ளிருந்து போனை எடுத்து, தாரணி காலையில் அனுப்பிய வீடியோவைத் தேடி, முதல் தடவையாக அதைத் தில்ஷாத்திடம் நீட்டினார். படிகளை மூடிய பச்சைத் தண்ணீர். நடுவில் ஒரு தலை எழுந்தது. பிறகு ஓடு. நன்றாக வளர்ந்த ஆமை. அவசரமே இல்லாமல் கிணற்றை ஒரு சுற்று சுற்றி வந்து, மோட்டார் குழாயின்மேல் ஒரு காலை வைத்து வெயில் காய்ந்தது. பின்னால் தாரணியின் குரல், "சித்தப்பா, பாருங்க" என்றது. அவ்வளவுதான் வீடியோ.

தில்ஷாத் கடைசிவரை பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப மொத முறை ஆமைக்குப் போயிருச்சுங்ணா."